செஞ்சி வெயிலும் பிராசசரின் வேகமும்

பிராசசரை, அதைச் செய்த நிறுவனம் குறித்துக் கொடுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். வீட்டுக் கம்ப்யூட்டரை அப்படி ஓட்டலாமா என்று தேடும் ஒருவருக்குக் கிடைக்கும் பதில்களில் பெரும்பாலானவை நம் ஊரில் அளந்தவை அல்ல. 22, 24 டிகிரியில் வைத்த அறை, ஏற்ற இறக்கமில்லாத மின்சாரம், தூசி படியாத மேசை, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் தரமான எஸ்.எம்.பி.எஸ். பெட்டி. இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு எடுத்த எண்கள் அவை. சித்திரை மாதத்துச் செஞ்சியில், மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறையில், அதே பிராசசரும் அதே ஃபேனும் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சிப்பிலும் நிறுவனம் ஒரு கையிருப்பை விட்டுவைக்கிறது. கடும் சூட்டிலும், வோல்டேஜ் சற்று இறங்கினாலும், சில வருஷம் ஓடித் தேய்ந்த பிறகும் குறித்த வேகத்தில் பிழையில்லாமல் வேலை செய்வதற்கான இடைவெளி அது. ஓவர்கிளாக் செய்பவர் எடுத்துச் செலவழிப்பது இந்த இடைவெளியைத்தான். குளிர்ந்த அறையில் அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கிறது. நம் பக்கத்தில் மாசியில் தொடங்கி ஆவணி வரை அந்த இடைவெளியை வெயில் தின்றுகொண்டிருக்கிறது. மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் கை வைக்கக் கூடாது.

கம்ப்யூட்டர் தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ் நிரலுக்குள் போய் மாற்றுவது ஒரே ஓர் எண்ணைத்தான். இப்போதைய மதர்போர்டுகளில் அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதை 40ஆல் பெருக்கினால் 4 ஜிகாஹெர்ட்ஸ். 44ஆல் பெருக்கினால் 4.4. ஆனால் 4 ஜிகாஹெர்ட்ஸில் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே இருப்பது 250 பிகோ செகண்டு. ஒரு செகண்டை லட்சம் கோடியாகப் பிரித்தால் அதில் 250 பங்கு. அதற்குள் ஒரு சமிக்ஞை பல வரிசை டிரான்சிஸ்டர்களைக் கடந்து போய் நிலைபெற வேண்டும். 4.4இல் கிடைப்பது 227 பிகோ செகண்டுதான். நேரத்துக்கு வந்து சேராவிட்டால் ஒன்று பூஜ்யமாகப் படிக்கப்படும். வோல்டேஜைக் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும் என்பதால், வேகத்தைக் கூட்டுகிறவர்கள் விரைவிலேயே வோல்டேஜிலும் கை வைக்கிறார்கள். செலவு அங்கேதான் எகிறுகிறது. சிப் இழுக்கும் மின்சக்தி வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. வேகம் 10 சதவீதம், வோல்டேஜும் 10 சதவீதம் கூடினால், 1.1ஐ மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 1.33. பத்து சதவீத வேகத்துக்காக 33 சதவீதம் கூடுதல் வெப்பம்.

இதை ஒரு மாதிரிக் கணக்காகப் போடலாம். 4 ஜிகாஹெர்ட்ஸில், 1.20 வோல்டில், 80 வாட் இழுக்கும் பிராசசர் என்று வைத்துக்கொள்வோம். ஹீட்சிங்க் ஒவ்வொரு வாட்டுக்கும் சுற்றுக் காற்றைவிட 0.45 டிகிரி ஏற விடுகிறது. கேபினட்டுக்குள் இருக்கும் காற்று அறையைவிட 6 டிகிரி அதிகம். அறை 24 டிகிரி என்றால் பிராசசர் 66 டிகிரியில் நிற்கும். ஓவர்கிளாக் செய்து 106 வாட் ஆக்கினால் 78. சௌகரியமான எண்தான். வெளிநாட்டு விமர்சகர் இதைப் பார்த்துத்தான் தாராளமாகச் செய்யலாம் என்று எழுதுகிறார். அறை 37 டிகிரி என்று மாற்றுங்கள். எதையும் தொடாத நிலையிலேயே 79. ஓவர்கிளாக் செய்தால் 91. அதாவது செஞ்சியில் சாதாரண வேகத்தில் ஓடும் கம்ப்யூட்டர், அந்த விமர்சகரின் ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டரின் சூட்டில்தான் ஏற்கெனவே ஓடுகிறது. 91க்குப் போன பிறகு இன்னொன்றும் சேர்கிறது: சூடு ஏற ஏற டிரான்சிஸ்டர்களில் கசியும் மின்னோட்டம் கூடும், அது மேலும் சூட்டைத் தரும். பல இன்டெல் சிப்புகள் 100 டிகிரியைத் தொட்டதும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கூட்டி வைத்த வேகம் வேலை மும்முரமாக இருக்கும்போது பாதி நேரம் கிடைக்காமலே போகும்.

ஒரு காலத்தில் இந்தக் கையிருப்பு மிகப் பெரிதாக இருந்தது உண்மை. 1984இல் ஐ.பி.எம். வெளியிட்ட ஏ.டி. கம்ப்யூட்டர் 6 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அதற்குத் துடிப்பைத் தரும் படிகத்தைக் கழற்றிவிட்டு வேறு படிகம் வைத்து 8 மெகாஹெர்ட்ஸில் ஓட்டியவர்கள் பலர், பிறகு ஐ.பி.எம்.மே வேகத்தைச் சோதிக்கும் நிரலை உள்ளே வைத்துத் தடுத்தது. 1998இல் இன்டெல் கொண்டுவந்த செலெரான் 300ஏ இன்றும் பேசப்படுகிறது. பெருக்கு எண் 4.5, அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். அதை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450இல் ஓடியது. விலை குறைந்த சிப்பில் ஒன்றரை மடங்கு வேகம்! நடுத்தரக் குடும்பத்துப் பையன்களுக்கு ஓவர்கிளாக் மேல் வந்த மோகத்துக்கு இப்படி நியாயமான காரணம் இருந்தது. சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாகப் பார்த்து வாங்கி அசெம்பிள் செய்தவர்களுக்கு, கொடுத்த காசுக்கு மேல் ஏதாவது கிடைக்காதா என்ற ஏக்கம் இயல்பானது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினால் வோல்டேஜையும் அதே விகிதத்தில் குறைக்கலாம் என்ற வசதி 2000களின் நடுவில் நின்றுபோனது. பென்டியம் 4 வரிசை 3.8 ஜிகாஹெர்ட்ஸோடு நின்றது. அதற்கடுத்துத் திட்டமிட்டிருந்த டேஜாஸ் சிப்பை 2004இல் இன்டெல் கைவிட்டது, வெப்பத்தைச் சமாளிக்க முடியாததும் அதற்கு ஒரு காரணம். 2008இல் டர்போ பூஸ்ட் வந்தது. சூடும் மின்சக்தியும் இடம் கொடுத்தால் சிப் தானே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். முன்பு நாம் கையால் எடுத்த கையிருப்பில் பெரும்பங்கை இப்போது நிறுவனமே எடுத்து விற்றுவிடுகிறது. ஏ.எம்.டி.யின் ரைசன் 7000 வரிசைச் சிப்புகள் கனமான வேலையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நிற்பதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் நாம் கையால் பிடுங்குவது பெரும்பாலும் ஒற்றை இலக்கச் சதவீதம்.

எல்லாச் சிப்பையும் தொடவும் முடியாது. இன்டெலில் கே என்ற எழுத்தோடு முடியும் மாதிரிகளும், அவற்றைத் தாங்கும் இசட் வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏ.எம்.டி.யில் பெரும்பாலான ரைசன்கள் திறந்தே இருக்கும், ஆனால் ஏ320, ஏ520 போன்ற மலிவு மதர்போர்டுகள் பிராசசரை ஓவர்கிளாக் செய்ய விடாது. மடிக்கணினிகள் பெரும்பாலும் பூட்டியவை. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தவைதான் நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளின் முதல் கம்ப்யூட்டர். அவற்றுக்குச் செய்யக்கூடியது வேறு: அடியில் அடைத்த தூசியை எடுத்து, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டை மாற்றி, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவது. இந்தக் கடைசி வேலை தரும் வித்தியாசத்தை எந்த ஓவர்கிளாக்கும் தராது.

செஞ்சியின் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். செஞ்சிக் கோட்டை நிற்கும் ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் உருண்டை உருண்டையான கருங்கற்களை அடுக்கிய குன்றுகள். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தப் பாறைகள் பொழுது சாய்ந்த பிறகும் வெளியே விட்டுக்கொண்டிருப்பதைக் கோட்டைக்குப் போய்த் திரும்பும் யாரும் உணரலாம். மொட்டை மாடிக் கான்கிரீட் செய்வதும் அதையேதான். கத்திரி வெயில் நாட்களில் மாலை ஏழு மணிக்கு வெளியே காற்று இறங்கத் தொடங்கியிருக்கும். மேல்தளத்து அறையின் கூரையோ அப்போதுதான் உள்ளே சூட்டை இறக்கிக்கொண்டிருக்கும். வேலையோ பள்ளியோ முடிந்து வந்து கம்ப்யூட்டர் முன் உட்காரும் நேரம் அதுதான். 2025இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இந்தக் கோட்டைக்குள் இருக்கும் கல்யாண மகாலைப் பாருங்கள். ஒவ்வொரு நிலையிலும் நடுவே சின்ன அறை, அதைச் சுற்றி வளைவுகள் வைத்த தாழ்வாரம். வெயில் அறைச் சுவரில் நேராக விழுவதில்லை. காற்று நாலு பக்கமும் போய் வருகிறது. பெரிய கூலருக்குக் காசு போடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டரைக் கீழ்தளத்துக்கு, மேற்குச் சுவரிலிருந்து தள்ளி, பின்பக்கம் ஒரு முழம் இடம் விட்டு மாற்றுவது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு அந்தக் கட்டடமே போதும். மேலே போட்ட கணக்கில் அறை 5 டிகிரி குறைந்தால் பிராசசரும் 5 டிகிரி குறையும், காசு செலவில்லை.

தண்ணீர் கூலர் போட்டால் தப்பித்துவிடலாம் என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. ஃபேன் ஆனாலும் தண்ணீர் ஆனாலும் இரண்டுமே வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டுகின்றன. அறையைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. ஐஸ் வைத்துக் குளிரூட்டினால் இன்னொரு ஆபத்து. செஞ்சியிலிருந்து கிழக்கே சுமார் 60 கிலோமீட்டரில் கடல். ஈரப்பதம் மிகுந்த நாட்களில் 25 டிகிரிக்குச் சற்றுக் கீழே போன எந்தப் பரப்பிலும் நீர் பூத்துவிடும். அது மதர்போர்டில் வழிந்தால் எல்லாம் முடிந்தது. 2024இல் ஓர் இன்டெல் சிப்பை 9.1 ஜிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோன சாதனை திரவ ஹீலியம் ஊற்றி, சில நிமிஷங்களுக்கு நிகழ்த்தியது. அதற்கும் வீட்டு உபயோகத்துக்கும் சம்பந்தமில்லை.

இங்கே ஓவர்கிளாக்கை நிஜமாகவே யோசிப்பவர்களில் கேம் விளையாடும் பிள்ளைகளுக்கு அடுத்தபடி போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் வருகிறார்கள். வைகாசி முகூர்த்தங்களில் எடுத்த கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுக்க வேண்டிய நெருக்கடியும் கத்திரி வெயிலும் ஒரே மாதத்தில் வருகின்றன. வீடியோவை ரெண்டர் செய்வது பல மணி நேரம் இடைவிடாமல் பிராசசரின் எல்லா கோர்களையும் முழுச் சுமையில் வைக்கும் வேலை. சூட்டைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமானது வீட்டில் இல்லை. இவர்களுக்கு வழி வேறு இடத்தில் இருக்கிறது. பல இன்டெல் சிப்புகளில் 2011 முதல் குயிக் சிங்க் என்ற பெயரிலும், என்விடியா கார்டுகளில் 2012 முதல் என்.வி.இ.என்.சி. என்ற பெயரிலும் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்றுகள் இருக்கின்றன. எடிட்டிங் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுத்தால் பிராசசருக்குச் சுமை குறைந்து நேரமும் மிச்சமாகும். பத்து சதவீதத்துக்காகச் சிப்பை வதைப்பதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்தது கரண்ட். 1956ஆம் வருஷ இந்திய மின்சார விதிகள் வீட்டு இணைப்பில் 6 சதவீத ஏற்ற இறக்கத்தை அனுமதித்தன. 230 வோல்ட் என்றால் ஏறத்தாழ 216 முதல் 244 வரை. கிணற்றுப் பாசனம் மிகுந்த ஊர்ப்பக்கத்தில் மோட்டார்கள் ஒன்றாக ஓடும் நேரத்தில், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி இருக்கும் வீடுகளில் வோல்டேஜ் அதற்கும் கீழே போவது புதிதல்ல. நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 வோல்ட் வரை இறங்கினாலும் தாங்கும். கேபினட்டோடு சேர்த்து மலிவாகக் கொடுப்பதில் பல அப்படிப்பட்டவை அல்ல. எஸ்.எம்.பி.எஸ். உள்ளே தரும் 12 வோல்ட் தடம் 5 சதவீதத்துக்கு மேல் ஆடக் கூடாது என்பது விதி. சுமையும் கூடி, வரும் வோல்டேஜும் இறங்கினால் அந்தத் தடம் தொய்யும். கையிருப்பை முழுக்கச் செலவழித்துவிட்ட பிராசசர் அந்தத் தொய்வில் ரீஸ்டார்ட் ஆகும். பயாஸில் எத்தனை எண்ணை மாற்றினாலும் காரணம் புரியாது, ஏனென்றால் காரணம் கேபினட்டுக்கு வெளியே இருக்கிறது.

கரண்ட் போகும் அந்த நொடியையும் கவனிக்க வேண்டும். தரத்துக்கு உட்பட்ட எஸ்.எம்.பி.எஸ். முழுச் சுமையில் சுமார் 16 மில்லி செகண்டு தன்னிடம் உள்ள மின்சாரத்தைக் கொண்டு தாக்குப்பிடிக்கும். யு.பி.எஸ். மாறுவதற்கு அதைவிடக் குறைந்த நேரமே ஆகும் என்பதால்தான் கம்ப்யூட்டர் அணைவதில்லை. சுமையைக் கூட்டக் கூட்ட இந்த அவகாசம் சுருங்கும். வீட்டில் பரவலாக இருக்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது பொதுவாக 360 வாட். கிராபிக்ஸ் கார்டோடு ஓவர்கிளாக் செய்த கம்ப்யூட்டர் அதைத் தொட்டுவிடும். இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்னால் இருக்கும் சுவிட்ச் யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண நிலையில் மாறும் நேரம் அதிகம். பழைய வீடுகளில் மூன்று முள் பிளக் பாயின்ட் இருந்தாலும் எர்த் இழுக்கப்பட்டிருக்காது. கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்றால் ஓவர்கிளாக்கை மறந்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பில்லையும் சொல்லிவிடுகிறேன்: பிராசசரும் கார்டுமாகக் கூடுதலாக 100 வாட் இழுத்தால், தினம் ஐந்து மணி நேரம் என்று வைத்து, இரண்டு மாதத்துக்கு 30 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

சிப் உடனே எரிந்துவிடாது என்பது பலருக்குத் துணிச்சலைத் தருகிறது. உண்மையான சேதம் மெதுவாக நடக்கும். சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய உலோகத் தடங்களில் மின்னோட்டம் அணுக்களையே சிறிது சிறிதாக நகர்த்துகிறது. 1960களின் இறுதியில் மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்: தடத்தின் ஆயுள் மின்னோட்ட அடர்த்தியின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும், வெப்பத்தோடு அதைவிடச் செங்குத்தாகக் குறையும். வோல்டேஜும் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஏட்டில் தேட வேண்டியதில்லை. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினிச் சிப்புகள், பலரும் ஓவர்கிளாக்கே செய்யாத நிலையில், ஹேங் ஆகத் தொடங்கின. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதுதான் காரணம் என்றும், வோல்டேஜும் சூடும் சேர்ந்து துடிப்பைப் பகிரும் சுற்று மூப்படைந்தது என்றும் 2024இல் இன்டெலே விளக்கியது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் வந்தது. உத்தரவாதத்தை இரண்டு வருஷம் நீட்டித்தார்கள். ஏற்கெனவே தேய்ந்துபோன சிப்பை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. இந்தச் சிப்புகளை வைத்திருப்பவர்கள் வேறெதையும் செய்வதற்கு முன் பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். சில மதர்போர்டுகள் பெட்டியிலிருந்து வரும்போதே மின்சக்தி வரம்பைத் தளர்த்தி வைத்திருப்பதையும் இந்த விவகாரம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. நீங்கள் தொடாத கம்ப்யூட்டர்கூட நிர்ணயித்த அளவுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஹேங் ஆவதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது சத்தமில்லாமல் வரும் பிழை. விளிம்பில் ஓடும் பிராசசரோ ரேமோ நின்றுவிடாமல், எப்போதாவது ஒரு பிட்டை மட்டும் தவறாக எழுதும். வீட்டுக் கம்ப்யூட்டர்களின் ரேம் பெரும்பாலும் அந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சொல்லாது. குழந்தையின் முதல் பிறந்தநாள் வீடியோவில் நடுவே ஒரு பகுதி திறக்காது. அது எப்போது கெட்டது என்று யாருக்கும் தெரியாது. கெட்ட கோப்பே பேக்கப்பிலும் போய் உட்கார்ந்திருக்கும். ரேம் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று: டி.டி.ஆர்.4க்கான பொதுத் தரத்தின் உச்ச வேகம் 3200. எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை இயக்கி 3600இல் ஓட்டுவதும் ஓவர்கிளாக்தான். அதையும் சோதிக்க வேண்டும்.

சோதிப்பதில் நம் ஊருக்கான விதி ஒன்று உண்டு. மார்கழி இரவில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்தது கணக்கில் வராது. மே மாதத்தில், பிற்பகலிலும் மாலையிலும், கேபினட்டை மூடி வைத்து, கிராபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்துச் சுமை கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிரைம்95 சோதனை, கிடைத்த விடையை ஏற்கெனவே தெரிந்த சரியான விடையோடு ஒப்பிடுவதால் ஹேங் ஆகாத பிழையையும் பிடித்துக்கொடுக்கும். ரேமுக்கு மெம்டெஸ்ட்86ஐ ஓர் இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிட வேண்டும். சோதனையின்போது முக்கியமான கோப்புகள் இருக்கும் டிரைவைக் கழற்றி வைப்பது நல்லது.

செஞ்சியில் இருப்பவருக்கு நான் சிபாரிசு செய்வது ஓவர்கிளாக்குக்கு எதிர்த்திசை: வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு வோல்டேஜைக் குறைப்பது. அதே மாதிரிக் கணக்கில் 4 ஜிகாஹெர்ட்ஸில் 1.20 வோல்டை 1.10 ஆக்கினால் 80 வாட் சுமார் 67 ஆகும். 37 டிகிரி அறையில் 79 டிகிரியில் நின்ற பிராசசர் 73க்கு இறங்கும். டர்போவில் ஓடும் சிப்பாக இருந்தால் இந்த இடைவெளியைப் பயன்படுத்தி அதிக நேரம் உயர் வேகத்தில் நிற்கும். ஆக, வோல்டேஜைக் குறைத்தே வேகமும் கூடலாம். ரைசனில் கர்வ் ஆப்டிமைசர் என்ற வசதி இதற்காகவே இருக்கிறது. இதுவும் அதே கையிருப்பிலிருந்து எடுப்பதுதான், அதனால் இதே சோதனைகள் இதற்கும் பொருந்தும்; ஆனால் தப்பாகப் போனால் ஹேங்கோ பிழையோ வருமே தவிர, கூடுதல் வோல்டேஜும் சூடும் தரும் தேய்மானம் இதில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சோதித்து, பிழை வந்த இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறி நின்றுகொள்ள வேண்டும்.

அப்படியும் ஓவர்கிளாக் செய்து பார்க்க ஆசைப்படும் மாணவர்களைத் தடுக்க எனக்கு மனமில்லை. ஒரு சிப் எதனால் நிற்கிறது, எங்கே விழுகிறது என்பதைப் பாடப்புத்தகம் இவ்வளவு கூர்மையாகச் சொல்லித்தராது. அதற்கு வீட்டில் எல்லோரும் நம்பியிருக்கும் கம்ப்யூட்டர் வேண்டாம். உத்தரவாதம் முடிந்த, பெருக்கு எண் பூட்டப்படாத பழைய சிப்பும் அதற்கேற்ற மதர்போர்டும் செகண்ட்ஹேண்டில் கிடைக்கும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதி, நேரம், அறையின் வெப்பநிலை, பிளக் பாயின்டில் அளந்த வோல்டேஜ், பிராசசர் வோல்டேஜ், வேகம், உச்ச வெப்பநிலை, வந்த பிழை என்று பத்தி பிரித்து எழுதி வையுங்கள். மார்கழியில் தொடங்கி வைகாசி வரை அதே அமைப்பில் மாதம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால், செஞ்சி அறையில் அளந்த எண்கள் உங்கள் கையில் இருக்கும்.